ஒரே மைக்

என் தங்கை பாடகி. வீட்டில் அவள் பெயர் குட்டி. முதல் ஆல்பம் வந்தபோது ஊரே அவள் குரலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அந்தக் குரலில் பாதி என்னுடையது என்று யாருக்கும் தெரியாது. அப்போது எங்களிடம் இருந்தது ஒரே மைக். எதிரொலி அடங்கத் துணி அலமாரியைத் திறந்து வைத்து, அதன் முன்னால் கன்னத்தோடு கன்னம் உரச நின்று, அவள் மேல் ஸ்தாயியில் பாட, நான் கீழ் ஸ்தாயியில் பாடினேன். ஆல்பத்தின் அட்டையில் அவள் பெயர் மட்டும். சின்னவள்தானே, போகட்டும் என்று விட்டேன். நம் புத்தி அப்படி.

இரண்டாவது ஆல்பத்துக்கு இசைக் கம்பெனி ஓர் இசையமைப்பாளரைக் கொடுத்தது. அந்த மனுஷனுக்கு நான் வைத்த பெயர் இன்னொருவாட்டி. பாடி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "சூப்பர். இன்னொருவாட்டி" என்பார். சூப்பர் என்றால் எதற்கய்யா இன்னொருவாட்டி? எனக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை. லீவெல்லாம் தீர்ந்து, டாக்டரம்மாவிடம் பல்லைக் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடினால், மூச்சுச் சத்தம் கேட்கிறதென்று திரும்பப் பாட வைப்பார். மூச்சு விடாமல் பாட நான் என்ன பொம்மையா?

இந்த முறை குட்டிக்கு ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக். எனக்கு எதிர் அறையில் இன்னொரு மைக். அட்டையில் என் பெயரும் வரும் என்று குட்டியே சொன்னாள். நான் சும்மா இருப்பேனா? கிளினிக் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன்.

ஆல்பம் வெளியான அன்று டாக்டரம்மா காத்திருப்பு அறை ஸ்பீக்கரில் அதைப் போட்டுவிட்டு, என் குரல் எது என்று ஆசையாகக் கேட்டார். முதல் பாட்டில் நான் இல்லை. அடுத்ததில் வருவேன் என்றேன். அதிலும் இல்லை. நான் பாடிய இடத்திலெல்லாம் குட்டியின் குரலையே இரண்டு மூன்றாக அடுக்கியிருந்தார்கள். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். பல்வலிக்காரர் பரிதாபப்படும் அளவுக்கு ஆகிவிட்டது என் நிலைமை. எதையோ தேடுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

அம்மாவிடம் ஃபோனில் கத்தினேன். குட்டிக்குத் தெரிந்திருக்காது, அந்த ஆளின் வேலையாகத்தான் இருக்கும் என்று அம்மா சப்பைக்கட்டு கட்டினாள். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை.

ஆல்பம் எடுபடவில்லை. பாட்டெல்லாம் பளபளவென்று இருக்கிறது, பழைய குரல் எங்கே என்று எழுதினார்கள். தொண்டை டாக்டரைப் பார்க்கச் சொல்லிக்கூட ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். கம்பெனி பயந்துபோய், சில பாட்டுகளை மறுபடி பதிவு செய்யலாம் என்றது. உடனே குட்டி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அந்த இன்னொருவாட்டிய நான் சும்மா விடப்போறதில்ல" என்று ஆரம்பித்தேன்.

"அவர் இல்லக்கா. உன் குரல எடுக்கச் சொன்னது நான்தான்."

கதவைச் சாத்தப் போனேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் என் குரல் என் குரல்னாங்க. அது நம்ம ரெண்டு பேர் குரல். நான் மட்டும் பாடினா எப்படி இருக்கும்னு எனக்கே தெரியல. ஒரு தடவையாவது கேக்கணும்னு இருந்துச்சு."

"அத என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா நீ சரின்னுடுவ. அப்புறம் எனக்கு உன் குரல எடுக்க மனசு வராது."

ஓங்கி ஒன்று விடலாம் போல ஆத்திரம் வந்தது. அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. மூக்கைச் சிந்திவிட்டு, வருகிறேன், ஆனால் ஒரே மைக்கில்தான் பாடுவேன் என்றேன்.

ஸ்டூடியோவில் இன்னொருவாட்டி தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரே மைக்கில் பதிவு செய்தால், பிறகு ஒருவர் குரலை மட்டும் பிரித்து எடுக்க முடியாதாம்.

"அதுக்குத்தான் கேக்குறேன்" என்றேன்.

அவர் குட்டியைப் பார்த்தார். குட்டி எதிர் அறைக்குப் போய் அங்கிருந்த மைக்கைத் தானே கழற்றி, கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு தன் மைக்கின் முன்னால் நின்று, அரை அடி நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

"இன்னும் தள்ளு" என்றேன்.

தள்ளினாள்.