மரியோவின் இடது முழங்காலுக்கு ஒரு பூசைக் கருத்து

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. ஸ்காபரோ மளிகைக்கடை வாசல்களில் இலவசமாகக் கிடக்கும் வாரப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் வாகீசன், 'கூடைப்பந்தாட்டக்காரர் மரியோவை இனி எந்த அணி எடுக்கும்?' என்று ஒரு மதிப்பீட்டுக் கட்டுரை கேட்டார். "சின்னனா எழுதுங்கோ அண்ணை, வீடு விக்கிற ஆக்களின்ர விளம்பரத்துக்கு இடம் வேணும்" என்றார். அப்படியே எழுதிக் கொடுத்திருந்தால் உங்களுக்கு இந்தத் தொல்லை வந்திராது.

(தமிழன் அவ்வளவு பெரிய தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் ஆடினானா என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு: இது புனைவு. மரியோவுக்கு ஆறடி நாலங்குலம் கொடுத்திருக்கிறேன். பொறுக்காவிட்டால் இரண்டங்குலம் குறைத்து வாசியுங்கள்.)

2.

முதல் தொடக்கம்: 'முப்பத்தேழு வயதில் ஓர் ஆட்டக்காரனின் உடம்பு என்பது—' வேண்டாம், மருந்துக்கடைத் துண்டுப்பிரசுரம்போல் இருக்கிறது.

இரண்டாவது: 'தூர எறிதலில் அவனுடைய சராசரி—' இதை என் மனைவியே வாசிக்கமாட்டாள்.

மூன்றாவது, வேறு வழியில்லாமல்: மரியோ இப்போது ஃபிறீ ஏஜென்ற். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, எந்த அணி கூப்பிட்டாலும் போகலாம் என்று அர்த்தம். எந்த அணியும் கூப்பிடாவிட்டாலும் அதே பெயர்தான். இன்னும் ஒரு வருடம், ஒரேயொரு வருடம் ஆடிவிடவேண்டும் என்று அவன் தவித்துக்கொண்டிருந்தான்.

அவனுக்காக அணிகளோடு பேரம்பேசும் ஸ்டெபனி அவனை நன்றாகத்தான் புகழ்ந்தாள். அனுபவசாலி என்றாள், ஓடமாட்டான் என்று அணிகள் விளங்கிக்கொண்டன. இளையவர்களுக்கு வழிகாட்டி என்றாள். மாற்று ஆட்டக்காரரின் வாங்கில் இருந்து கைதட்டுவான் என்று விளங்கிக்கொண்டன.

எங்கள் ஆட்களின் மதிப்பீடு இன்னும் நேரடியானது. ஸ்காபரோவுக்குப் பக்கத்து ஊரான மார்க்கத்தில் ஒரு பிறந்தநாள் விழாவில் குலசிங்கம் அங்கிள் றோல்ஸைக் கடித்தபடி, "ஃபிறீ ஏஜென்ற் எண்டா வேலை போட்டுது எண்டுதானே, தம்பி? வீடு விக்கிற லைசன்ஸை எடும். உம்மட உயரத்துக்கு 'விற்பனைக்கு' எண்டு போட் ஒண்டும் நடத் தேவையில்லை, நீர் வீட்டுக்கு முன்னால நிண்டாக் காணும்" என்றார். மரியோ சிரித்தான்.

(சிரித்தான் என்று எழுதியது மரியாதைக்கு. காருக்குள் போய் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.)

3.

இனிக் கதை. இடது முழங்காலின் சவ்வு தேய்ந்துவிட்டது வெளியே தெரியாது. மேற்குக் கடற்கரைப் பக்கத்து அணியொன்று ஒரு வருடத்துக்குப் பேச வந்திருந்தது. கையெழுத்தாகும்வரை மூச்சு விடக்கூடாது என்பது ஸ்டெபனியின் கட்டளை. மரியோ தன் அம்மா பேர்ணடெற்றிடமும் சத்தியம் வாங்கினான்.

பேர்ணடெற் சத்தியத்தைக் காப்பாற்றினார். அவர் குடியிருக்கும் வெக்ஸ்போர்ட்டில் துருவித் துருவிக் கேட்ட அத்தனை பேருக்கும் "அவன் குதிரை மாதிரி நிக்கிறான்" என்றார். ஆனால் மாதாவிடம் மறைக்கலாமா? கோயிலில் தமிழ்ப் பூசைக்குக் கருத்துக் கொடுத்தார், அதாவது இன்ன வேண்டுதலுக்காக மன்றாடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். மாதாவிடம் சொல்வது வெளியில் சொல்வதாகாது என்பது எங்கள் சனத்தின் அசைக்கமுடியாத சட்டம். அந்தப் பூசை யூரியூப்பில் நேரலையாகப் போவதைச் சட்டம் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை ஃபாதர் ஒலிவாங்கியில் வாசித்தார்: "மரியோவின் இடது முழங்காலில் தேய்ந்துபோன சவ்வு சுகமடையவும், அவருக்கு ஒப்பந்தம் கிடைக்கவும், தாயார் பேர்ணடெற் ஒப்புக்கொடுக்கும் கருத்து." சனம் உருகி மன்றாடியது. யாரோ அந்தத் துண்டை வெட்டி, கீழே ஆங்கிலம் போட்டு இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வராது என்று புலம்புகிறவர்கள் கவனிக்க: மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இல்லை.*

* 'சவ்வு' என்பதற்கு நான்கூட அகராதி பார்த்திருப்பேன்.

4.

மத்தியானத்துக்குள் விளையாட்டுச் செய்திகளெல்லாம் ஒரே முழங்கால். மரியோ அம்மா வீட்டுக்குப் பறந்தான்.

"அம்மா, வாட் டிட் யூ டூ? ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினீங்களெல்லே!"

"ஒரு மனிசருக்கும் மூச்சு விடேல்லை, ராசா. மாதாட்டத்தானே சொன்னனான்."

"மாதாட்ட சொன்னதை நியூஸ்ல போடுறாங்கள்! அதுக்குள்ள கொன்ராக்ற் வேணுமெண்டு வேற கேட்டிருக்கிறீங்கள். இனி ஆர் தரப்போறாங்கள்?"

பேர்ணடெற் அடுப்பை அணைத்தார். "அது ஃபாதர் தன்ர பாட்டில சேர்த்தவர். நான் கொன்ராக்ற் கேக்கேல்லை. நேற்று நீ படியிறங்கேக்க ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு, பக்கவாட்டில இறங்கினனீ. நான் காணேல்லை எண்டு நினைச்சாய். நீ விளையாட வேணுமெண்டில்லை, நடக்க வேணுமெண்டுதான் மன்றாடினனான்."

மரியோ ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, இடது காலை நீட்டி உட்கார்ந்தான். கொண்டுவந்த கோபம் எங்கே போனதென்று அவனுக்கே தெரியவில்லை.

(இந்த இடத்தில் எனக்கும் கிண்டல் வரவில்லை. மன்னிக்கவும்.)

அப்போதுதான் ஸ்டெபனி போனில் வந்தாள். மேற்குக்கரை அணி இன்னும் தயாராம். மலிவாகக் கிடைத்தால் தேய்ந்த முழங்காலும் பரவாயில்லையாம். ஆனால் சத்திரசிகிச்சை கிடையாது. நோவை அமத்த ஊசி போட்டுக்கொண்டு வருடம் முழுக்க ஆடவேண்டும். யோசித்து வை, திரும்ப எடுக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

5.

முடிவு அ: அவன் ஓம் என்கிறான். ஸ்காபரோவில் கேக் வெட்டுகிறார்கள், குலசிங்கம் அங்கிள் தானே அவனை வளர்த்ததாக— கை ஓடவில்லை.

முடிவு ஆ: அவன் வேண்டாம் என்கிறான். பேர்ணடெற் நன்றிப் பூசை கொடுக்கிறார், அவன் மறுநாள் எழும்பி— எழும்பி என்ன செய்வான்? ஆடாத மரியோவை எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

போன் மறுபடி அடிக்கிறது.

"எடுக்கிறதெண்டா எடு" என்கிறார் பேர்ணடெற். "அம்மாவுக்காக விட்டனான் எண்டு பிறகு சொல்லிக்கொண்டு திரியாதை. ஆனா நான் மன்றாடினதை மாத்திக் கேக்கமாட்டன்."

இவ்வளவு நேரமும் சோபாவில் சாய்ந்திருந்து மரியோவை எடைபோட்ட கனவான்களே, சீமாட்டிகளே, இனி உங்கள் பாடு. எடு என்கிறவர்கள் அந்த மனிசியின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். எடுக்காதே என்கிறவர்கள் அவனுடைய முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் இரண்டையும் முயன்று பார்த்துவிட்டேன், என்னால் முடியவில்லை.