சர்வீஸ் மறந்த கை

என் தங்கைக்குக் கை மறந்துபோய்விட்டது. சிரிக்காதீர்கள். டேபிள் டென்னிஸில் சர்வீஸ் போட, விரித்த உள்ளங்கையில் பந்தை வைத்து நேரே மேலே எறிய வேண்டும். பல் விழுந்து முளைத்த வயசிலிருந்து எறிந்தவள், கொஞ்ச நாளாகப் பந்தும் கையுமாக அப்படியே நிற்கிறாள். எறிந்தாலும் பந்து தோளுக்குப் பின்னால் போய் விழுகிறது.

நரம்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். எங்கள் கோச், மகா புத்திசாலி, "யோசிக்காம போடும்மா" என்றார். யோசிக்காதே என்று சொன்னால் மனுஷிக்கு வேறு என்ன நினைப்பு வரும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாங்கள் இரட்டையர் ஜோடி. சர்வீஸ் மாறி மாறித்தான் வரும். அவளுக்குப் பதில் நான் போட முடியாது. தேர்வுப் போட்டியில் தோற்றால் அணியில் இடம் போய்விடும். வேறு பிழைப்பு எங்கள் இருவருக்கும் தெரியாது.

என் சர்வீஸைப் போனில் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டு அவளுக்குக் காட்டினேன். மணிக்கட்டு அசையாமல் நிற்கிறது, கால் முட்டி லேசாக மடங்குகிறது. இதையெல்லாமா செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கே ஆச்சரியம்.

"முதல்ல எது எழும்புதுக்கா? முழங்கையா, தோளா?"

"இருடி, பாத்துச் சொல்றேன்."

எழுந்து போய்ப் போட்டுப் பார்ப்பேன். திரும்ப ஓடவிடுவேன். தினமும் சாயங்காலம் இதே வேலை.

ஒன்றும் பலிக்கவில்லை. கோச் அவளை நீக்கிவிட்டு, என்னோடு வேறொருத்தியைச் சேர்த்தார். மாட்டவே மாட்டேன் என்று கத்தினேன். தங்கைதான் என் வாயை அடைத்தாள்.

"லூசா நீ? உன் கையாவது நல்லாருக்குல்ல. ஒருத்தியாவது உள்ள இருக்கணும். போய் ஆடுக்கா."

வயிறெரிந்துகொண்டே போனேன்.

போட்டியன்று புது ஜோடிக்காரி, பாவம் நல்ல பெண், "கலக்கிடலாம்க்கா" என்றாள். முதல் சர்வீஸ் என்னுடையது. உள்ளங்கையில் பந்தை வைத்தேன். முட்டி மடங்கிவிட்டதா என்று பார்த்தேன். மணிக்கட்டைப் பார்த்தேன். முழங்கை எழக் காத்திருந்தேன்.

எழவில்லை.

நடுவர் என் முகத்தைப் பார்த்தார். வியர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தேன். கை இருந்தது, பந்து இருந்தது, எறிவது எப்படி என்பதுதான் தெரியவில்லை.

"போடுங்கக்கா" என்றாள் ஜோடிக்காரி.

கோச் ஒன்றும் புரியாமல் கைதட்டி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார். பார்வையாளர் வரிசையின் மேல்படியில் உட்கார்ந்திருந்த தங்கைக்குத்தான் புரிந்தது. "ஐயோ, அக்கா!" என்று அரங்கமே திரும்பிப் பார்க்க அலறினாள்.