மூடியில் வைத்த சந்தனம்

கரமனை ஆற்றங்கரையில் துணி வெளுக்கும் கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே கூட்டிப் பெருக்குகிற பொன்னம்மைக்குக் கும்பிடச் சாமிகள் பலர் உண்டு. பயப்பட ஒன்றே ஒன்றுதான். அவள் புருஷன் கோலப்பன் வேலை பார்த்த கேஸ் ஷெட்.

துணியை வெளுக்கிற குளோரின் வாயு ஆள் உயர இரும்பு சிலிண்டர்களில் அடைபட்டு வரும்; குற்றி என்பார்கள். ஒரு குற்றி தீர்ந்ததும் கழற்றிவிட்டு அடுத்ததை மாட்டுவது கோலப்பன் வேலை. குழாய் மூட்டு லேசாகக் கசிந்தாலும் மிளகாய்ப் பொடியை மூக்கில் அள்ளி வீசினாற்போல இருக்கும். அதை எதிர்க்க அவனிடம் இருந்தது ஒரு தோர்த்துத் துண்டு. குழாயடியில் நனைத்து, மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உள்ளே போவான். வாடை தொண்டையில் ஏறியதும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவான். அப்புறம் ராத்திரி முழுக்க இருமல். இந்த லட்சணத்தில்தான் ஊருக்கெல்லாம் வெள்ளை வேட்டி போய்க்கொண்டிருந்தது.

புதிய தொழிற்சாலைச் சட்டம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. சட்டம் வந்த விஷயம் கேஸ் ஷெட்டுக்கு மட்டும் தெரியாது. பேக்டரி இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மானேஜர் அழகியநம்பி ஷெட்டைப் பூட்டிவிடுவார். காப்பியும் நேந்திரங்காய் உப்பேரியும் கொடுத்து, பூச்செடி நட்ட பக்கமாகவே கூட்டிக்கொண்டு போய்த் திருப்பி அனுப்பிவிடுவார். அழகியநம்பி நாஞ்சில்நாட்டுக்காரர், கோலப்பனின் ஊர்க்காரர், அவனைப்போலப் பலருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர். அந்த ஒன்றைச் சொல்லியே மனிதர் எல்லார் வாயையும் அடைத்து வைத்திருந்தார்.

பொன்னம்மையின் வாய் மட்டும் அடைபடவில்லை. புது இன்ஸ்பெக்டர் வெங்கடசுப்ரமணியன் வந்த அன்று விளக்குமாறும் கையுமாகப் போய் வழியில் நின்றாள்.

"சாரே, எனக்க மாப்பிள்ளை அந்த ஷெட்டிலயாக்கும் வேலை. நனைச்ச தோர்த்தைக் கெட்டிட்டுப் போறாரு. கேஸ் தோர்த்துக்குக் கேக்குமா? நீங்க ஒண்ணு பாக்கணும்."

"ஏ மூதேவி! பெருக்க வந்தவ பெருக்கிட்டுப் போ!" என்று கத்தினார் அழகியநம்பி.

"இருக்கட்டும், அந்தம்மா சொல்லட்டும். நீங்க ஷெட்டைத் திறங்கோ" என்றார் இன்ஸ்பெக்டர். வலியசாலை அக்ரஹாரத்துக்காரர். மெதுவாகப் பேசினாலும் நகரவில்லை.

ஷெட்டைப் பார்த்துவிட்டு அங்கேயே உத்தரவு போட்டார். இரண்டு முகமூடி வாங்க வேண்டும். ஷெட் வாசலிலேயே தொங்கவிட வேண்டும். எப்படி மாட்டுவது, எப்படி மூச்சு விடுவது என்று ஆட்களுக்குப் பழக்கிக் கொடுக்க வேண்டும். அழகியநம்பி எல்லாவற்றுக்கும் "ஆகட்டும் சார், ஆகட்டும் சார்" என்று தலையாட்டினார்.

அன்றைக்கு வீட்டில் கோலப்பன் குதித்தான். "ஏ பிள்ளே, எனக்க வேலையைத் தொலைக்கவாக்கும் நிக்கே?"

"வேலை போனா வேற கிட்டும். நீங்க போனா எனக்கு யாரு இருக்கா?" என்றாள் அவள்.

நவராத்திரியில் ஆயுதங்களைப் பூஜைக்கு வைக்கிற பூஜைவைப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது முகமூடிகள் வந்து சேர்ந்தன. ரப்பர் முகம், கண்ணாடிக் கண், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகர டப்பா. "சுடலைமாடன் மாதிரில்லா இருக்கு!" என்று கோலப்பன் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று! பொன்னம்மைக்கு அழுகையே வந்துவிட்டது.

பழக்கிக் கொடுப்பதைப் பற்றி யாரோ கேட்டார்கள். "பூஜை கழியட்டும்வே, ஓடியா போவுது?" என்றார் மானேஜர்.

பூஜைவைப்பன்று ஸ்பேனர், கத்திரி, தராசு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து சரஸ்வதி படத்தின் முன் வைத்தார்கள். முகமூடிகளையும் வைத்தார்கள். சந்தனம் அரைத்தது பொன்னம்மை. வாங்கிய கட்டை போதாதென்று வீட்டிலிருந்த துண்டையும் கொண்டுவந்து கெட்டியாக அரைத்தாள். ஸ்பேனருக்கு ஒரு பொட்டு, தராசுக்கு ஒரு பொட்டு. முகமூடியின் நெற்றியில் வைத்துவிட்டுத் திருப்பிப் பார்த்தாள். தகர டப்பாவின் அடியில் வட்டமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள், இடியாப்ப அச்சு மாதிரி.

"இஞ்சேருங்கோ, இது வழியா கேஸ் உள்ள ஏறாதா?"

கோலப்பன் குனிந்து பார்த்தான். "ஏறும்போலத்தான் இருக்கு. நல்லா அப்பி விடு."

இரண்டு டப்பாவிலும் ஒரு ஓட்டைகூட விடாமல் சந்தனத்தை வழித்து அப்பினாள். நடுவில் குங்குமம் வைத்தாள். அம்மா தாயே, இனி இவரை நீதான் பார்த்துக்கணும் என்று கண்ணை மூடிக் கும்பிட்டாள். அழகியநம்பி வந்து பார்த்து, "கொள்ளாம், அழகாட்டு இருக்கு" என்றார். அவருக்கும் தெரியாது. அந்த டப்பாவின் அடி எதற்காக இருக்கிறதென்று அந்தக் கம்பெனியில் ஒருத்தருக்கும் தெரியாது.

விஜயதசமி காலையில் பூஜை எடுத்தார்கள். கோலப்பன் முகமூடியைக் கண்ணில் ஒற்றி, மாலை போலக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போனான். சந்தனம் காய்ந்து சுண்ணாம்பாக இறுகியிருந்தது. பொன்னம்மை வாசலில் உதிர்ந்த பூவைக் கூட்டிக்கொண்டிருந்தாள். புதுக் குற்றியைத் திறந்ததும் மூட்டு பிய்த்துக்கொண்டு சீறியது.

"ஓடி வாருங்கோ!" என்று அலறினாள்.

"பேடிக்காத பிள்ளே, எனக்குத்தான் மூடி இருக்கே!"

தோர்த்து கட்டிய நாளாயிருந்தால் ஓடி வந்திருப்பான். அன்றைக்கு வரவில்லை. முகமூடியை ஏற்றி, வாரை இறுக்கிக்கொண்டு, ஸ்பேனரோடு குற்றியிடமே போனான். மஞ்சள் புகைக்குள் அவன் முதுகு தெரிந்தது. ஸ்பேனர் கீழே விழுந்தது. இரண்டு கையாலும் முகமூடியைப் பிறாண்டினான், பிய்த்து எறிந்தான், அடைபட்டிருந்த மூச்சுக்கெல்லாம் சேர்த்து வாயைத் திறந்தான். பொன்னம்மை உள்ளே பாய்ந்தாள். பின்னாலிருந்து யாரோ முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். கோலப்பனை வெளியே கொண்டுவந்து லாரியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உயிர் தங்கவில்லை.

விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். முகமூடியைத் திருப்பி, டப்பாவின் அடியை நகத்தால் சுரண்டினார். சந்தனம் பெயர்ந்து விழுந்தது.

"காற்று உள்ளே போற வழியே இதுதான். டப்பாவுக்குள்ளே இருக்கிற மருந்து விஷத்தைப் பிடிச்சு வச்சுண்டு நல்ல காற்றை மட்டும் விடும். இதை யார் அடைச்சது?"

அழகியநம்பி திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பாவி மனிதர் தன் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"நானாக்கும் சாரே. கேஸ் ஏறாம இருக்கட்டும்னு அப்பினேன்" என்றாள் பொன்னம்மை.

"உங்கிட்ட யாராவது சொல்லித் தந்தாளாம்மா?"

"இல்ல சாரே."

"அப்போ உன் பேரில் தப்பில்லை. சொல்லித் தராதவா பேரில்தான் தப்பு. நான் எழுதறேன்" என்றார். எழுதவும் செய்தார், நல்ல மனுஷன். கோர்ட்டில் கம்பெனி வக்கீல் முகமூடி வாங்கிய ரசீதைக் காட்டினார். சட்டம் சொன்னதை வாங்கி வைத்தாயிற்று, அதைக் கெடுத்தது செத்தவனின் பெண்டாட்டி என்றார். கம்பெனி தப்பித்தது. சாலையில் போகிறவர்கள் அவளைக் காட்டி, சந்தனம் வைத்துப் புருஷனைக் கொன்றவள் என்று சொன்னார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் அவளுக்குள் அதே சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது. வயிறு இருக்கிறதே, அதற்காக மறுபடியும் அதே கம்பெனிக்கே பெருக்கப் போனாள்.

புதிதாக இரண்டு முகமூடி வந்தது. இனி ஒருத்தர் கையும் அதில் படக்கூடாது என்று அழகியநம்பி தன் அறைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பாதுகாப்பாம்.

கேஸ் ஷெட்டுக்குத் தாசையன் என்று ஒருவன் வந்தான். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாதவன். முதல் குற்றி மாற்றப் போகுமுன் பொன்னம்மை அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மக்களே, மூடிக்க டப்பா அடியில ஓட்டை உண்டு. அது வழியாக்கும் மூச்சு வரும். அதை ஒருநாளும் அடைக்கப்பிடாது, கேட்டியா?"

"செரி அக்கா. அதுக்கு மூடி கையில கிட்ட வேண்டாமா?" என்றான் தாசையன். "மானேஜர் திருநெல்வேலிக்குப் போயிருக்காரு. சாவி அவருக்க கையிலல்லா இருக்கு."

வெளுப்புக் கூடத்திலிருந்து வேலைக்காரர்கள் துணி காத்திருக்கிறதென்று சத்தம் போட்டார்கள். தாசையன் தோளில் கிடந்த தோர்த்தை எடுத்தான். பொன்னம்மை அதை அவன் கையிலிருந்து வாங்கிக் குழாயடியில் நனைத்தாள். பிழிந்து, உதறி, அவளே அவன் மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டாள்.

"வாடை வந்தா ஓடி வந்திரு மக்களே" என்றாள்.