சாயத் தெருக் கதவு

ஒன்பது நாளாக அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் நடந்தாள். சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் திரும்பினாள். "காலுல சக்கரமா கட்டியிருக்கே?" என்று அம்மா கேட்டாள். பதில் சொல்லக்கூட அவள் நிற்கவில்லை.

அவளுடைய அப்பா அந்த நகரத்தின் பூட்டுக்காரர். சாவியோ கொக்கியோ வேண்டாத பூட்டு அவர்களுடையது. கதவின்மேல் உள்ளங்கையை வைத்து, இதுவரை யாரிடமும் சொல்லாத உண்மை ஒன்றை மெல்லச் சொன்னால் போதும், கதவு இறுகிவிடும். உண்மை எத்தனை ஆழமோ பூட்டும் அத்தனை வலுவு. எதிர்வரிசையில் திறப்புக்காரர் வீடு. அவர்கள் கதவில் காதை வைத்துக் கேட்டு, உள்ளே கிடக்கும் உண்மையைச் சரியாகச் சொன்னால் கதவு விட்டுக்கொடுக்கும். மூன்று தலைமுறையாக இரண்டு வீட்டுக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை.

திறப்புக்காரரின் மகனுக்குப் பதினெட்டு வயது, ஒல்லி உடம்பு. அவள் வைத்த பெயர் குச்சி. அவளுக்கு அவன் வைத்த பெயர் தாழ்ப்பாள். ஆண்டுதோறும் நடக்கும் பூட்டுச் சோதனையில் மூன்று முறை அவளுடைய பூட்டைத் திறந்திருந்தான். முதல் முறை, அவள் ஆறு வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டுப் பூனைமேல் பழி போட்டதை ஊருக்கே கேட்கும்படி சொன்னான். அவள் ஒரு வாரம் வெளியே தலை காட்டவில்லை. மூன்றாம் முறை, அப்பாவின் இருமலைக் கேட்டு இரவெல்லாம் பயந்து கிடந்ததைப் பூட்டியிருந்தாள். அவன் காதை வைத்தான், அவன் முகம் மாறியது, கதவோடு உதட்டை ஒட்டி யாருக்கும் கேட்காமல் சொன்னான். கதவு திறந்தது. தோற்றது அவளுக்கு வலிக்கவில்லை. தன் பயத்தை ஒருவன் தெரிந்துகொண்டு, அதைப் பொத்தி வைத்திருக்கிறானே என்பதுதான் நாளெல்லாம் குடைந்தது.

அப்போதுதான் சாயத் தெருவில் காய்ச்சல் பரவியது. இருபத்தொரு நாள் தெருவையே அடைக்க ஆளுநர் உத்தரவிட்டார். அப்பாவுக்கு இருமலில் குரல் எழவில்லை. "நீ போ. லேசானதா போட்டுடாதே" என்று சைகையும் மூச்சுமாகச் சொன்னார். தெருமுனைப் பெரிய கதவின் முன் நின்றபோது அவளிடம் லேசான உண்மை எதுவும் மிச்சமில்லை. இருந்த ஒன்றைச் சொன்னாள். கதவு மலைபோல் இறுகியது.

திரும்பியபோது திறப்புக்காரரின் மனைவி ஓடி வந்தாள். "அடிப்பாவி! எம்பிள்ளை உள்ள இருக்கானே!" காய்ச்சலில் விழுந்து கதவைத் திறக்க முடியாமல் கிடந்த கிழவி ஒருத்தியைக் காப்பாற்ற அவன் உள்ளே போயிருந்தான்.

திறப்புக்காரர் கதவில் காதை வைத்துப் பார்த்தார்; அத்தனை ஆழத்தில் அவருக்கே எதுவும் எட்டவில்லை. பூட்டியவளே திறக்க ஒரே வழிதான் உண்டு. அந்த உண்மையை எல்லோர் எதிரிலும் உரக்கச் சொல்ல வேண்டும். அவளால் முடியவில்லை. தினமும் கதவு இடுக்கருகே போய் நின்றாள்.

"இன்னைக்காவது கண்டுபிடிச்சியா, குச்சி?"

"உங்க அம்மாவோட வளையலை நீதான் தொலைச்சே."

"இல்லை."

"அப்போ உனக்கு நீச்சல் தெரியாது."

"அது ஊருக்கே தெரியும். மூளையைக் காய்ச்சலுக்குக் குடுத்துட்டியா? ஒழுங்கா கேளு."

"கேக்குது தாழ்ப்பாள். ஆனா தெளிவா இல்லை." அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது. காய்ச்சலோ என்று பயந்து அவள் வீடு வரை ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ஒன்பதாம் நாள் நண்பகலில் சாயக் கொட்டகையில் தீப்பிடித்தது. காற்று தெருப்பக்கம் வீசியது. அவள் வருவதற்குள் கதவுக்கு அப்பால் கூச்சலும் இருமலும் கேட்டன.

"புதுசா யாருக்கும் காய்ச்சல் வந்து அஞ்சு நாளாச்சுன்னு வைத்தியரே சொல்றாரே! திறக்கச் சொல்லுங்க!" என்று காவல் தலைவரிடம் கெஞ்சினாள்.

"ஆளுநர் வேட்டைக்குப் போயிருக்கார். அவர் வாய் திறக்காம நான் கை வைக்க மாட்டேன்மா."

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அம்மா, எதிர்வீட்டார், பாதி ஊர். அவள் உள்ளங்கையைக் கதவில் வைத்தாள். இரும்பு சுட்டது.

"நான் பூட்டு போடுறதே..." குரல் உடைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "நான் பூட்டு போடுறதே அவன் வந்து திறக்கணும்னுதான்!"

கதவு படீரென்று விரிந்தது. புகையும் மனிதர்களும் சேர்ந்து வந்தார்கள். கடைசியாகக் கிழவியை முதுகில் சுமந்தபடி அவன் வந்தான். "ஊருக்குள்ள போகாதீங்க! எதிர்ல உப்புக் கிடங்கு காலியா இருக்கு, எல்லாரும் அங்கே!" என்று கத்தினான். தெருவிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேரும் அங்கே போனார்கள்.

கிழவியை இறக்கி வைத்ததும் அவன் தெருக்கதவருகே நின்ற அவளிடம் ஓடி வந்தான். "எனக்குத் தெரியும்" என்றான் மெல்ல.

"என்ன தெரியும்?"

"முதல் நாளே கேட்டுச்சு. ஆனா என் ஆசைதான் காதுல கேக்குதோன்னு சந்தேகம். சொல்லித் தப்பாப் போயிட்டா உன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அதுக்காக ஒன்பது நாளா வளையலைத் தேடிட்டு இருந்தியா?" அவள் அவன் நெஞ்சில் ஓங்கிக் குத்தினாள். அவன் இருமிக்கொண்டே சிரித்தான். அவளுக்கு அழுகை முட்டியது.

தீயில் பதினொரு வீடுகள் போயின, உயிர்ச்சேதம் இல்லை. அவனைத் தொட்டுவிட்டதால் மிச்சப் பன்னிரண்டு நாளும் அவளும் கிடங்கில்தான் இருக்க வேண்டும் என்றார் வைத்தியர். கிடங்குக் கதவைப் பூட்ட, குரல் கொஞ்சம் தேறியிருந்த அப்பாவே வந்தார். பூட்டுக்காரர் மகளாகப் பிறந்து, தன் பூட்டு திறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவளை அவர் வெகுநேரம் பார்த்தார். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

இனி அவளை நம்பி யாரும் பூட்டுப் போடக் கூப்பிட மாட்டார்கள். ஆளுநர் வந்தால் என்ன செய்வாரோ, அதுவும் தெரியாது. அவள் உப்பு மூட்டைகளுக்கு நடுவே இங்கும் அங்கும் நடந்தாள்.

"உக்காரேன், தலை சுத்துது" என்றான் அவன்.

"முடியலை."

"சரி, அப்போ நானும் வரேன்." அவன் எழுந்து அவளோடு நடக்கத் தொடங்கினான்.