தங்கச்சிக்குப் பசிக்காது

என் தங்கச்சிக்குப் பசிப்பதில்லை. இந்த வயிற்றெரிச்சலை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

நாங்கள் இரண்டு பேரும் தையல் கடை வைத்திருக்கிறோம். கடைப் பலகையில் எந்தப் பெயரை எழுதினாலும் தெருவுக்கு நாங்கள் பெரிய குண்டம்மா, சின்ன குண்டம்மாதான். உடம்பும் முன்பெல்லாம் ஒரே அளவு. தன் உடம்பைத் தானே அளந்தால் எந்தத் தையல்காரிக்கும் சரியாக வராது. அதனால் எங்களுக்குத் தைக்கும்போது அவளை மட்டும் நிறுத்தி அளவெடுத்து, துணியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, இரண்டு சட்டையாக வெட்டிவிடுவேன்.

வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷனுக்கும் சேர்ந்துதான் போனோம். என் காலில் ரத்தம் கட்டியிருக்கிறது, இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் என்னைக் கழித்துவிட்டார். அவளுக்குச் செய்தார்கள். வயிற்றின் மேல்பக்கத்தில் கிரெலின் என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறதாம். பசிக்கிறது என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. அந்தப் பக்கத்தையே வெட்டி எடுத்ததில் அவளுக்குப் பசி அடங்கிப் போனது.

அவள் இளைத்ததில் எனக்குப் பொறாமை இல்லை. சரி, இருக்கிறது, கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அதையாவது பொறுத்துக்கொள்வேன். மதியம் "சாப்பிட்டியாடி?" என்று கேட்டால், "மறந்துட்டேன்க்கா" என்பாள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியாது. சாப்பாட்டை மறப்பதாம். எனக்கு மிஷினில் உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து அலமாரியில் இருக்கும் டப்பா மேலேதான் நினைப்பு. அவளோ நான் கூப்பிட்டால் வந்து, நாலு கரண்டி தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு போவாள்.

போன வாரம் சித்தப்பா வீட்டு விசேஷத்துக்குத் துணி எடுத்தோம். அவளை நிறுத்தினேன், அளந்தேன், வெட்டினேன், தைத்தேன். போட்டுப் பார்த்தால் என் சட்டை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. பழக்கதோஷத்தில் இரண்டையும் அவளுடைய புது அளவுக்கு வெட்டித் தொலைத்திருக்கிறேன். கண்ணாடி முன்னால் பாதிக் கையோடு நின்ற என்னைப் பார்த்து அவள் சிரித்தாள்.

"விடுக்கா. எனக்கு ரெண்டு சட்டை ஆச்சு."

"வயித்தோட சேத்து புத்தியையும் வெட்டி எடுத்துட்டாங்களாடி?" என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. அதோடு பேச்சு நின்றது.

ஒரே கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு தைத்தோம். எனக்குப் பசித்தபோது சுவரைப் பார்த்து உட்கார்ந்து நான் மட்டும் தின்றேன். பசியே இல்லாத மகாராணியை நான் எதற்குத் தாங்க வேண்டும்?

நேற்று முன்தினம் அவளுடைய மிஷின் சத்தம் ஒரு மாதிரி இழுத்து நின்றது. திரும்பினால், மிஷின் மேல் கவிழ்ந்து கிடக்கிறாள். ஊசி விரலில் ஏறியிருந்தது. ஐயோ என்று கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர்தான் வண்டி பிடித்து வந்தார்.

"பசி வராதுன்னு தெரியும்ல? நேரம் பாத்து சாப்பிடச் சொன்னேனே. இப்படியா பட்டினி கிடக்கிறது?" என்று டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார்.

"நேரமெல்லாம் பாக்கிறதில்ல டாக்டர்," என்றாள் அவள். "அக்காவுக்குப் பசிச்சா என்னையும் கூப்பிடுவா. உடனே போய்ச் சாப்பிடுவேன். இந்த வாரம் அவ கூப்பிடல."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். இந்தப் பாழாய்ப்போன பசியைத் திட்டாத நாள் என் வாழ்க்கையில் இல்லை. அதை நம்பி ஒருத்தி இருந்திருக்கிறாள்.

இன்று கடை திறந்தோம். விரலில் கட்டோடு பொத்தான்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மதியம் ஆனதும் எனக்கு வழக்கம்போல வயிறு கிள்ளியது. வீம்புக்கு இன்னும் ஒரு தையல் ஓட்டிவிட்டுச் சொன்னேன்.

"பசிக்குதுடி. வா."

வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கென்று வேகவைத்த முட்டையில் பாதியைத் தின்றுவிட்டு டப்பாவை மூடப் போனாள். என்னுடைய டப்பாவில் இன்னும் ஒரு ஓரம்கூடக் குறையவில்லை. பொறாமை அப்போதும் வரத்தான் செய்தது.

"போதும்க்கா."

"மீதியையும் தின்னுட்டு எந்திரி," என்றேன். "எனக்கு இன்னும் பசிக்குது."