விருப்பம் என்று எழுதிப் போட்ட புகார்

பதினோரு வருஷம் கழித்து 'கறுப்புச் சுரங்கம்' கம்ப்யூட்டர் விளையாட்டின் ஐந்தாம் பாகம் வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் நாலு பாகத்தையும் கரைத்துக் குடித்தவன். எந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை பேர் துப்பாக்கியோடு நிற்கிறார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆசை ஒரு பக்கம், சந்தேகம் ஒரு பக்கம். பழைய இசை இருக்குமா, சுட விடாமல் கதை சொல்லியே கழுத்தை அறுப்பார்களா, பேரை மட்டும் வைத்துக்கொண்டு வேறு எதையாவது தலையில் கட்டிவிடுவார்களா என்று சாப்பாட்டு மேசையில் தினமும் ஒரு கேள்வி.

எல்லாம் தங்கையிடம்தான். அந்த விளையாட்டைச் செய்கிற கம்பெனியில் அவள் சோதனைக்காரி. நாள் முழுக்க விளையாடி, எங்கே இடிக்கிறதென்று எழுதிப் போடுவது வேலை. உள்ளே நடப்பதை வெளியே மூச்சுவிடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதனால் சிரித்து மழுப்பிவிடுவாள்.

அவன் கேட்காத கேள்விதான் அவளுக்குத் தொண்டை முள்.

அச்சகத்து இயந்திரம் அண்ணனின் வலது கையை வாங்கி ஏழு வருஷம் ஆகிறது. இப்போது அங்கேயே உட்கார்ந்து பிழை திருத்துகிறான். பழைய பாகங்களில் எந்த பட்டனை எங்கே வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். நடப்பது, குறி வைப்பது, சுடுவது எல்லாவற்றையும் இடது கைக்குள் அடக்கி வைத்திருந்தான். புதியதில் அந்த வசதியே இல்லை. ஒரு கை கீபோர்டில், ஒரு கை மவுஸில். அவ்வளவுதான்.

நாலு மாதத்துக்கு முன்பே அதை அவள் எழுதிப் போட்டாள். 'கோளாறு' என்று போட்டால் மேலே ஒருவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். 'விருப்பம்' என்று போட்டால், முடிந்தால் பார்ப்பார்கள். சொந்த அண்ணனுக்காகக் கோளாறு என்று எழுதினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று கூச்சப்பட்டு, 'விருப்பம்' என்று போட்டுத் தொலைத்தாள்.

இன்று காலை விருப்பங்கள் அத்தனையையும் மொத்தமாக மூடிவிட்டார்கள். மேற்பார்வையாளரிடம் ஓடினாள். புகார்களை மூடுவதே பிழைப்பாக இருப்பதால் அவருக்குப் 'பூட்டு' என்று பட்டப்பெயர். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"நீதானம்மா விருப்பம்னு போட்டிருக்கே?"

"தப்பாப் போட்டுட்டேன் சார். இப்ப மாத்திடலாமா?"

"கோளாறுன்னு போட்டிருந்தா நானே மேல போய் சண்ட போட்டிருப்பேன். பட்டியல மூடியாச்சு. இனிமே நானே கேட்டாலும் தொறக்க மாட்டாங்க."

"வெளியான பிறகாவது?"

"ஆறாம் பாகத்துல பாப்போம்."

பொல்லாத மனுஷர் இல்லை. தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் குடிக்கவில்லை. இன்னும் பதினோரு வருஷமா என்று மனம் கணக்குப் போட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அண்ணன் புதிய விளையாட்டுக்கென்று மேசையை ஜன்னலோரம் நகர்த்திப்போட்டு, மூன்றாம் பாகத்தில் கை பழக்கிக்கொண்டிருந்தான். அஞ்சு விரலும் எலிக்குஞ்சு மாதிரி ஓடின.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. எனக்குப் பிடிக்குமா?"

"சொல்லக்கூடாதுண்ணா."

"தெரியும். மூஞ்சியையாவது காட்டேன்."

சொன்னால் வேலை போகும். போனால் போகட்டும் என்றாலும், சொல்லி எந்த பட்டன் நகரப்போகிறது? வெளியாக மிச்சமிருக்கும் மூன்று வாரச் சந்தோஷம்தான் போகும். அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

அதற்குள் அவனுக்குப் போன் வந்துவிட்டது. தவளை என்கிற சிநேகிதன். புதுசு குப்பையாகத்தான் இருக்கும் என்று ஒரு மாதமாகக் கத்திக்கொண்டிருப்பவன்.

"டேய் தவள, என் தங்கச்சி வாயே தொறக்கல. நல்லா இல்லேன்னா இந்நேரம் மூக்கால அழுதிருப்பா. நல்லாத்தான்டா வந்திருக்கு."

வெளியாகிற அன்றைக்கு லீவு சொல்லியாயிற்று என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். அவள் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல் வாசலில் நின்றாள்.