தொண்ணூறைத் தாண்டினால்

தொண்ணூறு வரை என் காருக்கு ஒரு குறையும் இல்லை. தொண்ணூறைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும். இதை வீட்டில் சொன்னேன் பாருங்கள், அன்றே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

லேப் ஒன்றுக்கு ரத்த மாதிரி சேகரித்துக் கொடுப்பது என் வேலை. நெடுஞ்சாலை ஓரத்துச் சின்னச் சின்ன கிளினிக்குகளில் ஏறி இறங்கி, குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி, வெயில் ஏறுவதற்குள் லேப்பில் சேர்க்க வேண்டும். கார் ஓட்ட முடியாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் நான் வீட்டில். நான் வீட்டில் இருந்தால் யாருக்கும் நிம்மதி இல்லை. என் வாய் அப்படி.

முதலில் என் வீட்டுக்காரர் ஓட்டிப் பார்த்தார். அவர் ஓட்டுவதை ஓட்டுவது என்று சொன்னால் காருக்கே கோபம் வரும். முள் எழுபதைத் தொட்டால் திருட்டுத்தனம் செய்தவர் மாதிரி பின்னால் பார்ப்பார். ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "வண்டி வெண்ணெய் மாதிரி போகுது. உனக்குத்தான் ஏதோ" என்றார்.

"தொண்ணூறுல போனீங்களா?"

"தொண்ணூறுல எதுக்குப் போகணும்?"

இவரிடம் என்னத்தைப் பேசுவது!

அந்த 'உனக்குத்தான் ஏதோ' என் அக்காவின் காதில் விழுந்தது. அக்கா அடுத்த தெருவில் இருக்கிறாள். என்னோடு இருக்கும் அப்பாவைப் பார்க்க தினமும் வருவாள். அப்பாவுக்குக் கை நடுக்கம், நரம்பு வியாதி. வலது கட்டைவிரலில் தொடங்கி இப்போது கை முழுக்க வந்துவிட்டது.

"கையை நீட்டுடி" என்றாள் அக்கா.

நீட்டினேன். நாலு கண் உற்றுப் பார்க்கும்போது எவள் கைதான் ஆடாமல் இருக்கும்?

"ஆடுது பாருங்க. அப்பாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது."

அப்பா அதே கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பினார்.

என் காரை எப்போதும் பார்க்கும் மெக்கானிக்கிடம் போனேன். சும்மா சொல்லக் கூடாது, வேலை தெரிந்தவர். ஒரே ஒரு பழக்கம் உண்டு. எந்த வண்டி உள்ளே வந்தாலும், என்ன குறை என்று கேட்பதற்கு முன்பே நாலு டயரிலும் பழைய காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் புதுக் காற்று பிடிப்பார். வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பது மாதிரி. புதுக் காற்றில் டயர் சூடாகாமல் ஓடும் என்பது அவர் கட்சி.

என் காருக்கும் பிடித்தார். பிறகு சக்கரங்களைக் கழற்றி பேலன்ஸ் மிஷினில் மாட்டிச் சுற்றினார். ஒரு எண் காட்டியது. அதற்கேற்ற ஈயக்கட்டியை ரிம்மில் ஒட்டி மறுபடி சுற்றினார். வேறு இடத்தில் வேறு எண். "மிஷினுக்கு வயசாயிடுச்சுக்கா" என்று அதன் முதுகில் ஒன்று வைத்தார். இன்னொரு கட்டி ஒட்டினார். அடுத்த சுற்றில் பூஜ்யம் வந்ததும் முகமெல்லாம் பல்லாக, "பாருங்க, முட்டை!" என்றார். ரிம் வளைந்திருக்கிறதா, பேரிங் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்த்தார். எல்லாம் சரி. ஒர்க்‌ஷாப் தெருவில் ஓட்டியும் பார்த்தார். அங்கே வீட்டுக்கு வீடு வேகத்தடை, ஐம்பதே கஷ்டம்.

"ஒண்ணும் தெரியலையேக்கா" என்றார்.

மறுநாள் நெடுஞ்சாலையில் எண்பத்தைந்திலேயே நடுக்கம் வந்துவிட்டது. திரும்பப் போனேன். திரும்பக் காற்று, திரும்ப ஈயம், திரும்ப முட்டை. அதற்குப் பிறகு எண்பதிலேயே ஆடியது. ஒர்க்‌ஷாப்புக்குப் போய் வரும் ஒவ்வொரு தடவையும் நடுக்கம் கூடுகிறது என்றால், புத்தியுள்ளவர்கள் ஒர்க்‌ஷாப்பைச் சந்தேகப்படுவார்கள். நாங்கள் என் கையைச் சந்தேகப்பட்டோம்.

"வண்டியத்தான் சரி பண்ணியாச்சே. இன்னும் ஆடுதுன்னா என்ன அர்த்தம்?" என்றாள் அக்கா.

எனக்கும் பயம் வந்துவிட்டது. அதைச் சொல்ல என்ன வெட்கம்? பல் தேய்க்கும்போது கையைப் பார்த்தேன். ஊசியில் நூல் கோக்கும்போது பார்த்தேன். சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கண் கையிலேயே இருந்தது. அது ஆடாத நேரத்திலும், எப்போது ஆடப்போகிறதோ என்று காத்திருந்தேன்.

ஒரு நாள் அக்கா கார் சாவியை எடுத்து அப்பாவின் சட்டைப் பையில் போட்டாள். "நரம்பு டாக்டர் பாக்கறவரைக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டும்பா. இவ கேட்டா குடுக்காதீங்க. எங்கயாவது போய் இடிச்சிட்டு வந்து நிக்கப்போறா." பிறகு வீட்டுக்காரரிடம் திரும்பி, "இவளும் அப்பா மாதிரி ஆயிட்டா யார் பாக்கறது, சொல்லுங்க" என்றாள்.

"சரிம்மா" என்றார் அப்பா, சாவி விஷயத்துக்கு.

இரண்டு நாள் லேப்புக்கு லீவு சொன்னேன். வீட்டைப் பெருக்கினேன், பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினேன், கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். சாயங்காலம் அப்பாவுக்கு டீ கொண்டுபோனேன். முழங்காலில் வைத்திருந்த அவர் கை, காசு எண்ணுகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. கையை நீட்டி டம்ளரை எடுத்தார். நடுக்கம் நின்றது. ஒரு சொட்டு சிந்தாமல் வாய்க்குப் போனது.

தினமும் பார்ப்பதுதான். யோசித்ததில்லை.

"அப்பா, உங்க கை எப்பப்பா ஆடுது?"

"சும்மா இருந்தா ஆடும். எதையாவது பிடிச்சா நிக்கும்."

"எனக்கு சும்மா இருந்தா ஒண்ணுமில்லப்பா. ஸ்டியரிங்கப் பிடிச்சாத்தான் ஆடுது."

அப்பா நிதானமாக டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். கை மறுபடி ஆடத் தொடங்கியது. "அப்ப அது நம்ம வீட்டுச் சரக்கு இல்ல" என்றார். சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "நீ கெளம்பு. நான் தூங்கிட்டிருந்தேன்னு சொல்லிக்கறேன்."

ஒர்க்‌ஷாப்பில் நுழைந்ததுமே மெக்கானிக் காற்றுக் குழாயோடு வந்தார்.

"அதக் கொண்டுவந்தீங்கன்னா கைய ஒடிச்சிடுவேன். ஏறுங்க. நெடுஞ்சாலைக்கு விடுங்க."

குழாயைப் போட்டுவிட்டு ஏறி ஓட்டினார். எண்பதில் ஸ்டியரிங் தொடங்கியது. அவர் முகம் மாறியது.

"பிடிய லேசாத் தளர்த்துங்க" என்றேன்.

தளர்த்தினார். அவர் விரல்களுக்கு நடுவே ஸ்டியரிங் தன்பாட்டுக்கு ஆடியது.

"ஐயையோ, ஆடுதுக்கா!"

"இத்தனை நாளா நான் என்ன பாட்டா பாடிட்டிருந்தேன்?"

மடியில் இருந்த என் கைகளைப் பார்த்தேன். இரண்டும் தேமே என்று கிடந்தன. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்குப் பதில் ஒர்க்‌ஷாப் வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவரும் நியாயம்தான் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

முன் சக்கரத்தைக் கழற்றி மிஷினில் சுற்றினார். ஒரு எண். எதையும் தொடாமல் மறுபடி சுற்றினார். வேறு எண். "மிஷினு..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டு வேறொரு வண்டியின் சக்கரத்தை மாட்டிச் சுற்றினார். அது எத்தனை தடவை சுற்றினாலும் ஒரே எண்ணைத்தான் காட்டியது. ஆக, மிஷின் மேல் பழி இல்லை. என் சக்கரத்தைத் தூக்கிக் காதோடு வைத்து ஆட்டினார். உள்ளே குளக் குளக் என்றது.

டயரை ரிம்மிலிருந்து நெம்பியதும் செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டி அவர் செருப்பை நனைத்தது.

"என்னண்ணே, டயருக்குள்ள மீன் வளக்கறீங்களா?" என்றார் வேறு வேலைக்காக வந்திருந்த ஒருவர்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. காற்று பிடிக்கும் கம்ப்ரசரிடம் போய், தொட்டிக்கு அடியில் இருந்த சின்னக் குழாயைத் திருகினார். அதே செம்மண் தண்ணீர் சீறிக்கொண்டு தரையெல்லாம் ஓடியது, நிற்பேனா என்றது.

"காத்துல இருக்கற ஈரம் இதுக்குள்ள தங்கிடும்கா. தினமும் தொறந்து விடணும்" என்றார் மெல்லிய குரலில்.

"கடைசியா எப்பத் தொறந்தீங்க?"

கூரையைப் பார்த்தார்.

வந்தவருக்கு ஒரு செம்பு தண்ணீர் என்று நான் நினைத்தது சரியாகத்தான் போயிற்று. தடவைக்குத் தடவை உள்ளே ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். ஓடும் சக்கரத்தில் அது நிலை கொள்ளாமல் அலைந்திருக்கிறது. நிலை கொள்ளாத ஒன்றுக்கு எந்த ஈயக்கட்டி ஈடு கொடுக்கும்?

நாலு டயரையும் துடைத்துக் காயவைத்து, பழைய கட்டிகளைப் பிய்த்துப் போட்டு, புதிதாக பேலன்ஸ் பார்த்து மாட்டினார். நான்தான் ஓட்டினேன். எண்பது, தொண்ணூறு, நூறு, நூற்றுப் பத்து. ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்டது.

வீட்டுக்குள் நுழையும்போதே அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். மெக்கானிக் கூரையைப் பார்த்ததை நடித்தும் காட்டினேன்.

"நான் அப்பவே சொன்னேன், உன் கையில ஒண்ணுமில்லன்னு" என்றார் வீட்டுக்காரர். ஆளைப் பாருங்கள்!

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "என் வயித்துல பாலை வார்த்தடி. எங்க நீயும் அப்பா மாதிரி ஆயிடுவியோன்னு..."

"நான் மட்டும் என்ன, செத்தே போயிட்டேன்க்கா. அப்பா மாதிரி ஆயிட்டா அதுக்கப்புறம் என்ன வாழ்க்கைன்னு..."

"அந்த மெக்கானிக் நல்ல வேலைக்காரனா?" என்று கேட்டார் அப்பா.

"நல்ல வேலைக்காரர்தான்பா. ஏன்?"

"ஒரு நாள் இதையும் கழட்டிப் பாக்கச் சொல்லேன்."

முழங்காலிலிருந்து வலது கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்ப வைத்தார். வீட்டுக்காரர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். அக்கா அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா மாதிரி, அப்பா மாதிரி என்று இத்தனை நாளும் அவரை எதிரில் வைத்துக்கொண்டே பயந்திருக்கிறோம். இப்போது அவரை எதிரில் வைத்துக்கொண்டே கொண்டாடுகிறோம். அவர் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்.

சாவியைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தேன்.

"இது எதுக்கு? அதான் சரியாயிடுச்சே."

"வாங்கப்பா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். நூத்திப்பத்து எப்படிப் போகுதுன்னு காட்டறேன்."

"மாப்பிள்ளை மாதிரி ஓட்டமாட்டேன்னா வரேன்" என்றார் அப்பா.

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். சாவியை இறுகப் பிடித்திருந்தார். பிடித்திருந்தவரை கை ஆடவில்லை. கார் கதவு வரைக்கும் நான் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை.